நூறு வரை சொல்லும் குழந்தைக்கு ஐந்து தெரியுமா?

மாசி, பங்குனி மாதங்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களுக்குப் போனால் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டும் சத்தம் கேட்கும். ஓட்டை உடைத்து, நாரை எடுத்து, கொட்டையைத் தட்டி நீக்கிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வேலை செய்வார்கள். பக்கத்திலேயே மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் கொட்டைக் குவியலில் கையை விட்டு அளைந்துகொண்டிருக்கும். அள்ளும், கொட்டும், வரிசையாக அடுக்கும், கலைக்கும். "கையெல்லாம் பிசுக்கு, அந்தப் பக்கம் போ" என்று யாராவது விரட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் அது திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பிள்ளையின் கை அங்கே கணக்கைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. எது நிறைய, எது கொஞ்சம், ஒரு கைக்குள் எவ்வளவு அடங்கும், ஒன்று சேர்த்தால் வரிசை நீளுகிறது, ஒன்று எடுத்தால் குறைகிறது என்பதெல்லாம் எண் வருவதற்கு முன்னால் வரும் கணக்கு. ஜூன் மாதம் அதே பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்த்ததும் கட்டம் போட்ட நோட்டு வருகிறது. முதலில் 50 வரை எழுது, அப்புறம் 100 வரை எழுது. பென்சிலை அழுத்திப் பிடிக்க விரலில் வலு சேராத வயது அது. வீட்டுக்கு யாராவது வந்தால், "ஒன் டூ த்ரீ சொல்லிக் காட்டு சாமி" என்று நிறுத்துகிறோம். மூச்சு விடாமல் நூறு வரை சொன்னதும் நமக்குப் பெருமை. பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அதே பிள்ளையிடம் "அஞ்சு கொட்டை எடுத்துக் குடு" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் ஒரு கைப்பிடி அள்ளி நீட்டும்.

இது அந்தப் பிள்ளையின் குறை கிடையாது. எண்களை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை, "ஐந்து" என்றால் எத்தனை என்று தெரிவது வேறொரு திறமை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வருடத் தூரம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் காரன் வின் 1990-லும் 1992-லும் வெளியிட்ட ஆய்வுகளில் இதை மிக எளிய ஒரு வேலையை வைத்துக் காட்டினார். ஒரு குவியல் பொம்மைகளைக் குழந்தையின் முன்னால் வைத்து "ஒன்று கொடு", "இரண்டு கொடு", "நான்கு கொடு" என்று கேட்பார். பத்து வரை தடையில்லாமல் ஒப்பிக்கும் குழந்தைகள்கூட முதலில் "ஒன்று" மட்டும்தான் சரியாகக் கொடுத்தார்கள். மற்ற எந்த எண்ணைக் கேட்டாலும் ஒரு கை நிறைய. சில மாதம் கழித்து "இரண்டு" புரிகிறது. இன்னும் சில மாதத்தில் "மூன்று". அதற்கு அப்புறம்தான் பெரிய தாவல். எண்ணி முடிக்கும்போது வாயில் நிற்கும் கடைசிச் சொல்லே மொத்தம் எத்தனை என்பதற்கான பதில் என்று பிடிபடுகிறது. அது பிடிபட்டதும் ஐந்தும் ஆறும் பத்தும் ஒரே வீச்சில் வந்துவிடுகின்றன. பெரும்பாலும் இது மூன்றரையிலிருந்து நான்கரை வயதுக்குள் நடக்கும், வீட்டுச் சூழலைப் பொறுத்து முன்னே பின்னே ஆகலாம்.

அந்தத் தாவலுக்குள் என்ன இருக்கிறது என்பதை ரோச்செல் கெல்மன், காலிஸ்டல் என்ற இருவர் 1978-லேயே பிரித்துச் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல், விடவும் கூடாது, இரண்டு தடவை தொடவும் கூடாது. சொற்களின் வரிசை ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கடைசிச் சொல்தான் மொத்தம். பிறகு இரண்டு: கொட்டையை எண்ணியதுபோலவே ஆட்டையும், கைத்தட்டலையும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. நமக்கு இதெல்லாம் மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டதால், ஒரு குழந்தை இவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாக வேண்டும் என்பதே மறந்துபோகிறது. குழந்தை எண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும். விரல் ஒரு வேகத்திலும் வாய் ஒரு வேகத்திலும் போகிறதா, ஏழு கொட்டைக்குப் பத்து எண் வருகிறதா, அப்படியானால் அதற்கு இன்னும் "ஒரு பொருளுக்கு ஒரு சொல்" கைவரவில்லை. எண்ணி முடித்தபின் "அப்போ எத்தனை?" என்று கேட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறதா, அதற்கு "கடைசிச் சொல் மொத்தம்" இன்னும் வரவில்லை. நோட்டில் 1 முதல் 100 வரை எழுதிக்கொண்டே இருந்தால் இந்த இரண்டில் ஒன்றுகூட வராது. அதனால்தான் எழுத்து நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தவறான கணக்கு என்பதற்காக இல்லை, அந்த வயதில் கிடைக்கும் நேரத்தை எல்லாம் அது தின்றுவிடுகிறது என்பதற்காக.

இந்த வயதுக் கணக்குக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். கிரெக் டங்கனும் சக ஆய்வாளர்களும் 2007-ல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆறு பெரிய தரவுத் தொகுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பள்ளியில் சேரும்போது ஒரு குழந்தைக்கு இருந்த கணக்கறிவுதான், பின்னாளில் அது எப்படிப் படித்தது என்பதோடு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக ஒத்துப்போனது. வாசிப்பு அடுத்தபடி. இது காரண காரியத்தை நிரூபித்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஆறு இடங்களிலும் ஒரே திசை என்பதை லேசாக ஒதுக்க முடியாது.

சரி, விளையாட விட்டால் போதுமா? போதாது. குவியலின் பக்கம் குழந்தையை உட்கார வைத்துவிட்டுப் போனால் அது விளையாடும், ஆனால் கணக்கு பாதி வழியில் நின்றுவிடும். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மொய்ரா டில்லன், எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் 214 முன்பருவ (பள்ளிக்கு முந்தைய) மையங்களில் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. புள்ளிகளைப் பார்த்ததும் எது அதிகம் என்று சொல்வது, வடிவங்களில் பொருந்தாததைக் கண்டுபிடிப்பது போன்ற ஆட்டங்களைக் குழந்தைகள் நான்கு மாதம் ஆடினார்கள். அளவை மதிப்பிடும் திறமை கூடியது, ஒரு வருடத்துக்குப் பிறகும் அது தங்கியிருந்தது. ஆனால் அதே குழந்தைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது, பள்ளி கேட்கும் எழுத்துக் கணக்கில் அவர்களுக்கு எந்தக் கூடுதல் பலனும் இல்லை. ஆட்டத்தில் வளர்ந்த அறிவும், எண் சொல்லும் எண் உருவும் கொண்ட பள்ளிக் கணக்கும் தனித்தனியாகவே நின்றுவிட்டன.

வளர்ந்த பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும்கூட இந்தப் பிளவைப் பார்க்கலாம். 2025-ல் வெளியான இன்னொரு ஆய்வு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றியது. கிலோ விலை, மீதிச் சில்லறை என்று மனக்கணக்கில் சட்டென்று சொல்லும் அவர்கள், அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் தடுமாறினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ தாளில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் விழுந்தார்கள். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் பெட்டிக்கு இவ்வளவு என்றால் முப்பத்தேழு பெட்டிக்கு எவ்வளவு, கமிஷன் போக எவ்வளவு என்று நின்ற இடத்தில் சொல்லும் அம்மாக்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். "எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது, நீங்களே பிள்ளைக்குச் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று சொல்வதும் அவர்களேதான்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். விளையாட்டுக்குள் ஒரு பெரியவர் வாயைத் திறக்க வேண்டும். எண்ணுக்கான சொல், கண் முன்னால் இருக்கும் பொருளோடு சேர்ந்து காதில் விழ வேண்டும். கொஞ்ச நாள் கழித்து அதன் எழுத்துருவும் பக்கத்தில் வர வேண்டும். சூசன் லெவின் குழுவினர் 2010-ல், வீட்டில் எண்களைப் பற்றி அதிகம் பேச்சுக் கேட்ட இரண்டு வயதுக் குழந்தைகள் நான்கு வயதை நெருங்கும்போது எண்ணின் பொருளை நன்றாகப் புரிந்திருந்ததைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. சும்மா எண் சொல்லுவதைவிட, கண்ணில் படும் பொருளைக் காட்டி எண்ணுவது பலன் தந்தது. அதிலும் நான்கிலிருந்து பத்து வரையுள்ள கூட்டங்களை எண்ணிக் காட்டிய வீடுகள்தான் முன்னால் நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று குழந்தைக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும், எண்ணவே வேண்டாம். நான்கும் அதற்கு மேலும் போனால்தான் எண்ணும் தேவை வருகிறது.

நடைமுறையில் இது எவ்வளவு சின்ன வேலை என்று சொல்கிறேன். களி உருட்டும்போது, "வீட்ல அஞ்சு பேரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு உருண்டை" என்று ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்வது. கடைசி எண்ணை இரண்டாம் முறை அழுத்திச் சொல்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. "கடைசிச் சொல்தான் மொத்தம்" என்பதைக் குழந்தைக்குக் காட்டும் இடம் அது. "அப்பா இன்னிக்கு வர மாட்டாரு, ஒண்ணு குறைச்சா எத்தன?" என்பது கழித்தல். தட்டு போடும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்தால் ஆளுக்கொரு தட்டு என்ற ஒப்பீடு தானாக வரும். அங்கன்வாடியில் முட்டை போடும் நாளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளையை விட்டே தட்டு வைக்கச் சொல்லலாம். யாருக்காவது தட்டு வராமல் போனால், அந்தப் பிள்ளை அழுவதற்கு முன்னால் கணக்கு எல்லாருக்கும் புரிந்துவிடும்.

ஒரு பழைய சோதனையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இரண்டு வரிசைக் காசுகளைச் சமமாக வைத்துக் காட்டிவிட்டு, ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டுவார். நான்கைந்து வயதுக் குழந்தைகள் நீளமான வரிசையில்தான் அதிகம் என்பார்கள். இந்த வயதுக்கு எண்ணிக்கை புரியாது என்ற முடிவு அதிலிருந்து வந்தது. 1974-ல் மெக்காரிகிள், டொனால்ட்சன் இருவரும் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்காமல், ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து கலைத்துவிட்டதாக நாடகம் போட்டார்கள். இப்போது நிறையக் குழந்தைகள் "சமம்தான்" என்றார்கள். டீச்சர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி கேட்டால், பதிலையும் மாற்றச் சொல்கிறார் போல என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. பரீட்சை மாதிரி கேட்டால் கிடைக்காத பதில் ஆட்டத்தில் கிடைக்கிறது. நர்சரி சேர்க்கையில் மூன்று வயதுப் பிள்ளையை மேசை முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டு, அது வாய் திறக்கவில்லை என்றதும் முகம் சுளிப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நம் ஆட்டங்களுக்கு வருவோம். பல்லாங்குழியைப் பாரம்பரியக் கணிதம் என்று புகழ்ந்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. முழு ஆட்டம் நான்கு வயதுக்குப் பெரியது, பதினான்கு குழி, எதிராளியின் பக்கம், தக்கம், பசு என்று அத்தனையும் தலைக்குள் நிற்காது. ஆனால் அதன் ஒரு துண்டு இந்த வயதுக்குப் பொன்னானது. கையில் இருக்கும் கொட்டைகளைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது, "ஒரு பொருளுக்கு ஒரு சொல்" என்பதைக் கையே கற்றுக்கொள்ளும் பயிற்சி. ஒரு பக்கத்து ஏழு குழி போதும். போடும்போது பாட்டி கூடவே எண்ண வேண்டும். அப்புறம் "எந்தக் குழியில நாலு சேர்ந்திருக்கு பாரு, அது பசு" என்று தேடச் சொன்னால், எண்ணாமல் பார்த்தே நான்கைக் கண்டுபிடிக்கும் கண் பழகும்.

தாயமும் பரமபதமும் கொஞ்சம் யோசித்துக் கொடுக்க வேண்டியவை. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஏழைக் குடும்பத்து முன்பருவக் குழந்தைகளுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை எண் எழுதிய நேர்க்கோட்டுக் கட்டங்கள் கொடுக்கப்பட்டன. சுழற்றினால் ஒன்று அல்லது இரண்டு விழும், காயை நகர்த்தும்போது கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே நகர்த்த வேண்டும். இரண்டு வாரத்தில் நான்கு தடவை, ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. எண்ணுவது, எண் உருவை அடையாளம் காண்பது, எது பெரியது என்று சொல்வது எல்லாம் முன்னேறின, ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் முன்னேற்றம் இருந்தது. எண்ணுக்குப் பதில் வெறும் நிறம் பூசிய கட்டத்தில் ஆடியவர்களுக்கு இந்தப் பலன் இல்லை. அவர்களே அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வட்டமாக அமைத்த கட்டத்திலும் நேர்க்கோடு அளவுக்குப் பலன் வரவில்லை. எண்கள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒரே சீராக வளர்கின்றன என்ற படம் நேர்க்கோட்டில்தான் மனதில் பதிகிறது.

பரமபதத்தில் எண்கள் ஒரு வரியில் வலப்பக்கம் போய், அடுத்த வரியில் இடப்பக்கம் திரும்பும். தாயத்தில் காய் உள்ளே வளைந்து போகும், விழும் எண்ணும் நேராக வராது. ஆறு, ஏழு வயதில் அவை அருமையான ஆட்டங்கள். மூன்று, நான்கு வயதுக்கு வாசலில் சாக்பீஸாலோ கோலமாவாலோ ஒரே நேர்க்கோட்டில் பத்துக் கட்டம் போட்டு எண் எழுதுங்கள். சோழி ஒன்றோ இரண்டோ உருட்டட்டும், பிள்ளையே காயாகி நடக்கட்டும். மூன்றாவது கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு" என்று நடக்க விடாமல் "நாலு, அஞ்சு" என்று கட்டத்து எண்ணைச் சொல்லி நடக்க வைக்க வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தெரியும், பலன் இங்கேதான் இருக்கிறது. பரமபதம் ஆடும் பெரியவர்கள்கூட இதைச் செய்வதில்லை.

ஒத்தையா ரெட்டையா ஆட்டத்தை ஐந்து வயதில் ஆரம்பிக்கலாம். மூடிய கைக்குள் கொட்டை. சொன்னது சரியா என்று பார்க்க இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துப் பிரிக்கும்போது, மீதி ஒன்று நிற்பதும் நிற்காததும் கண்ணுக்குத் தெரியும். அஞ்சாங்கல், பாண்டி இரண்டும் இன்னும் பெரிய பிள்ளைகளுக்கு. கோலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மார்கழியில் அம்மா புள்ளி வைக்கும்போது பக்கத்தில் குந்தியிருக்கும் பிள்ளையிடம் ஒரு வரிசைப் புள்ளியைக் கொடுத்துவிடலாம். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைந்துகொண்டே வரும் ஊடுபுள்ளியில், அடுத்த வரிசைக்கு எத்தனை என்று பிள்ளை தானாகவே சொல்லத் தொடங்கும் நாள் ஒன்று வரும். திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைக் கண்டுபிடித்து அடுத்ததை ஊகிப்பதும் இயற்கணிதத்தின் விதைகளில் ஒன்று.

கணக்கு என்றால் எண்ணிக்கை மட்டும்தான் என்று நினைத்துவிடவும் கூடாது. மே, ஜூனில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் இறங்கும். செந்தூரா, பெங்களூரா, நீலம், அல்போன்சா என்று ரகம் பிரிப்பதும், சின்னது பெரியது என்று தரம் பிரிப்பதும் பெரியவர்களுக்கு வேலை, பிள்ளைகளுக்கு வகைப்படுத்தலும் வரிசைப்படுத்தலும். அவரை, மொச்சை, துவரை, கொள்ளு நான்கையும் ஒரு முறத்தில் கலந்து கொடுத்தால் அரை மணி நேரம் சத்தமே வராது. இரண்டு அரைப்படி சேர்ந்தால் ஒரு படி என்பதை மணலிலோ ராகியிலோ அளந்து பார்த்த பிள்ளைக்கு, மூன்றாம் வகுப்பில் அரை என்ற பின்னம் வரும்போது அது ஏற்கெனவே கைக்குத் தெரிந்த விஷயமாக இருக்கும். உயரமான சொம்பிலிருந்து அகலமான கிண்ணத்துக்குத் தண்ணீரை ஊற்றி "இப்ப ஜாஸ்தியா, கம்மியா, அதேதானா?" என்று கேட்கலாம். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், திரும்ப ஊற்றிக் காட்டினால் போதும்.

கடை விளையாட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஐந்து ஒரு ரூபாய்க் காசுக்கும் ஒரு பத்து ரூபாய்த் தாளுக்கும் நடுவே நான்கு வயதுப் பிள்ளை ஐந்து காசைத்தான் எடுக்கும். அதன் கணக்குப்படி ஐந்து ஒன்றைவிடப் பெரியது, அது சரிதான். பணத்தின் மதிப்பு பிறகு வரட்டும். இந்த வயதில் ஒரு தக்காளிக்கு ஒரு கொட்டை என்று கொட்டையையே காசாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை, இது உயிர் சம்பந்தப்பட்டது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் புளியங்கொட்டையை விட்டுவிட்டு நகரக் கூடாது. மூக்கில், காதில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் சிக்கும். அந்த வயதுக்கு மாங்கொட்டை, தேங்காய்ச் சிரட்டை, சோளக் கட்டை போன்ற பெரிய பொருள்கள் போதும். பளபளப்பாக அழகாக இருக்கிறது என்று குன்றிமணியையோ ஆமணக்கு விதையையோ எந்த வயதுப் பிள்ளைக்கும் எண்ணக் கொடுக்காதீர்கள். இரண்டும் கடும் விஷம். மானாவாரிக் காட்டோரம் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எந்த மொழியில் எண்ணுவது என்ற கேள்வி ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் உண்மையான கேள்வி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், சில வீடுகளில் உருது, பால்வாடியில் தமிழ், பக்கத்து நர்சரியில் ஆங்கிலம். லம்பாடி மக்களின் குடியிருப்புகளான தாண்டாக்களில் லம்பாடி மொழி. வீட்டில் அவ்வா (பாட்டி) எந்த மொழியில் எண்ணுகிறாரோ அதிலேயே எண்ணட்டும். எண்ணி முடித்த கடைசிச் சொல்தான் மொத்தம் என்ற புரிதல் ஒரு மொழியில் வந்துவிட்டால், இன்னொரு மொழியில் அது வேகமாக வந்துவிடுகிறது என்று இருமொழிக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டாம் மொழியில் புதிதாகக் கற்க வேண்டியது பெரும்பாலும் எண்களின் பெயர்களைத்தான். வீட்டு மொழியை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் எண்ணச் சொல்வதில் ஒரு நஷ்டமும் உண்டு. பதிமூணு, பதினாலு என்னும்போது பத்தும் அதன்மேல் மூன்றும் நான்கும் காதில் விழுகின்றன. லெவன், ட்வெல்வில் எதுவும் விழாது. சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வில் பத்து வரை இரு பக்கமும் சமமாக இருந்து, பத்தைத் தாண்டியதும் அமெரிக்கக் குழந்தைகள் பின்தங்கினார்கள். சீன எண்களும் பத்து-ஒன்று, பத்து-இரண்டு என்றே போகும்.

விரலை விட்டு எண்ணுவதைத் தடுப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. தடுக்காதீர்கள். விரல் எப்போதும் கூடவே இருக்கும் எண்ணும் பொருள். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணும் பாட்டியைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அது இன்னும் ஒரு படி மேல்.

இவ்வளவும் வீட்டிலேயே இருக்கிறதென்றால் எங்கே தடைபடுகிறது? நேரத்தில்தான். 2011 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71.5, மாநில அளவு 80. இந்த எண்களை வைத்து "படிக்காத பெற்றோர்" என்று பேசுவது சுலபம். எண்ணிக் காட்டுவதற்குப் படிப்புத் தேவையில்லை என்று இதுவரை பார்த்தோம். பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாத அப்பா அம்மா, தாத்தா பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளை, விடிவதற்கு முன் பூப்பறிக்கக் கிளம்பும் தாய், இவர்களிடம் இல்லாதது பிள்ளையோடு உட்காரும் அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தைத் தர வேண்டிய இடம் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இன்று தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன. முன்பருவக் கல்வி அதன் வேலைகளில் ஒன்று. ஆரம்ப வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தது, ஆனால் அது ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. மூன்றிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளை பால்வாடி டீச்சரின் கையில். 2020 தேசியக் கல்விக் கொள்கையும், 2022-ல் வந்த அடிப்படைநிலைப் பாடத்திட்டமும் இந்த வயதுக்கு விளையாட்டுவழிக் கல்விதான் என்று தெளிவாகவே எழுதியிருக்கின்றன. டீச்சர் செய்ய வேண்டிய மற்ற வேலைகளைப் பாருங்கள்: எடை எடுப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள் பதிவேடு, வீடு வீடாகப் போவது, போனில் ஆப்பில் ஏற்றுவது. உதவியாளர் சமையலில். வரிசையாக உட்கார்ந்திருக்கும் இருபது பிள்ளைகளுக்கு ஒரு பாட்டோடு பொழுது முடிந்துவிடுகிறது.

இதற்கு என்ன செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அலெஹாந்திரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கு மட்டும் என்று அரை நாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார்கள். கற்பித்தல் நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை வருடத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். பழைய ஊழியருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. அரை நாள் ஆள் ஒருவர் வந்ததும் படிப்பு, உடம்பு இரண்டும் தேறின. கிடைக்கும் பலன் செலவைப் போலப் பல மடங்கு என்று அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அரூர், பென்னாகரம், அஞ்செட்டி, ஊத்தங்கரை என்று எந்தப் பக்கம் போனாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளையின் வீட்டு மொழி தெரிந்தவர்கள். மையத்துக்கு ஒருவர், அரை நாள், முறையான மாதச் சம்பளத்தோடு. சித்தேரி, வத்தல்மலை, தளி மலைக் கிராமங்களில் முதலில் தொடங்கினால் இன்னும் நல்லது. அவர்களுக்குத் தேவையான தளவாடம் ஒரு சாக்பீஸ் பெட்டியும் ஒரு படிப் புளியங்கொட்டையும்தான். கேட்க வேண்டிய இடம் கிராமசபை. அங்கன்வாடித் திட்டம் பிறந்த அதே அக்டோபர் 2-ல் அது கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று வரும் தீர்மானங்களோடு இதையும் ஒன்றாக எழுதிக்கொண்டு போகலாம்.